எல்லோருக்கும் ஒரே வாசல்

யாழ்ப்பாணத்து வேலணைத் தீவின் சரவணையில் ஒரு வீடு திருத்தும் வேலை தொடங்கினால் ஆள் தேடும் படலமும் அன்றே தொடங்கிவிடும். காசு ரொறன்ரோவிலிருந்தோ சூரிச்சிலிருந்தோ வந்துவிடும். கல்லும் சீமெந்தும் லொறியில் பண்ணைப் பாலம் கடந்து வந்துவிடும். மேசன்தான் வரமாட்டார். வயரிங் வேலைக்காரர் யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வரவேண்டும்; நாளைக்கு வருகிறேன் என்றவர் அடுத்த கிழமை வந்து சேர்ந்தால் அதுவே பெரிய காரியம். குழாய் பொருத்துபவருக்கு இன்னொரு காத்திருப்பு. அதே ஒழுங்கையில், நாலு வேலி தள்ளி, கலைப்பட்டம் முடித்த பிள்ளை ஒன்று அரச வேலைக்கான அடுத்த அறிவித்தல் எப்போது வரும் என்று கைப்பேசியைப் பார்த்தபடி வீட்டில் இருக்கும். அந்தப் பிள்ளையின் தாய்மாமன் நீர் இறைக்கும் மெசினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டக்கூடியவராக இருப்பார். அந்தத் திறன் எந்தக் கடதாசியிலும் எழுதப்பட்டிருக்காது.

ஆள் இல்லை என்ற குறையும் வேலை இல்லை என்ற குறையும் ஒரே ஒழுங்கையில் ஒரே நேரத்தில் கேட்கின்றன. வேலணைத் தீவு முழுக்க, ஊர்காவற்றுறையிலிருந்து அல்லைப்பிட்டி வரைக்கும், இதுதான் நிலைமை. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் நடுவில் கடலும் இருப்பதால் இன்னும் மோசம்.

இந்த இரண்டு குறையும் எப்படிச் சேர்ந்தே இருக்க முடியும் என்பதை ஆராய்ந்ததற்காகத்தான் பீட்டர் டயமண்ட், டேல் மோர்டென்சன், கிறிஸ்தோபர் பிசாரிடிஸ் மூவருக்கும் 2010 இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் காட்டியது இது: தொழிற்சந்தை மரக்கறிச் சந்தை மாதிரி இயங்குவதில்லை. விலையைக் கூட்டிக் குறைத்தால் எல்லாம் விற்றுத் தீரும் என்ற கணக்கு அங்கே செல்லாது. வேலைக்கு ஆளும் ஆளுக்கு வேலையும் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். தேடுவதற்கு நேரம் வேண்டும், காசு வேண்டும், தகவல் வேண்டும், போய்வர வழி வேண்டும். இவற்றில் எது குறைந்தாலும் காலியான வேலையும் காத்திருக்கும் ஆளும் பக்கத்துப் பக்கத்திலேயே கிடக்கும்.

இந்தத் தீவுகள் சேர்ந்த தீவகத்தில் எது குறைந்தது? திறன் குறைந்தது என்று நான் நினைக்கவில்லை. நூற்றைம்பது ஆண்டுக் கதையைத் திரும்பிப் பார்த்தால் ஒவ்வொரு காலத்திலும் ஊரிலிருந்து வேலைக்குப் போக ஏறத்தாழ ஒரே ஒரு வாசல்தான் அகலத் திறந்திருந்தது. அந்த வாசலால் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் யாருக்கு என்ன கைவரும் என்று அந்த வாசல் ஒருபோதும் கேட்டதில்லை.

மலாயாவும் கொழும்புக் கடையும்

முதல் வாசலைத் திறந்தது ஆங்கிலப் படிப்பு. அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் 1823 இல் செமினரியைத் தொடங்கினார்கள். அடுத்த அரை நூற்றாண்டில் குடாநாட்டில் ஆங்கிலம் படித்த இளைஞர் தொகை இலங்கையின் அரச கந்தோர்களில் இருந்த இடத்தைவிடக் கூடிவிட்டது. மலாயாவில் 1885 இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட்டுக்கு முதல் ரயில் ஓடியது. தண்டவாளம் நீள நீள, எழுத்தும் கணக்கும் தெரிந்த ஆட்கள் அங்கே தேவைப்பட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கிளாக்கர்மாரும் ஸ்டேசன் மாஸ்டர்மாரும் கப்பல் ஏறினார்கள். போனவர் தம்பியைக் கூப்பிட்டார், தம்பி மைத்துனனைக் கூப்பிட்டான். ஓய்வூதியத்தோடு திரும்பியவர்களை ஊர் மலாயன் பென்சனியர் என்று மரியாதையாக அழைத்தது. மணியோடர் பொருளாதாரம் என்ற பேரும் யாழ்ப்பாணத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

தீவகத்தாருக்கு மலாயாவைவிட அகலமாகத் திறந்தது கடை. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, காரைநகர் ஆட்கள் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் சுருட்டுக்கடை வைத்தார்கள், பலசரக்குக்கடை வைத்தார்கள், சாப்பாட்டுக்கடை நடத்தினார்கள். ஒரு கடை எப்படி ஆளைப் பிடித்தது, எப்படிப் பழக்கியது என்பதைக் கிட்ட நின்று பார்க்கவேண்டும்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பையன், முதலாளிக்கு உறவான ஒருவரோடு இரவு மெயிலில் கொழும்புக்குப் போவான். முதல் வருடம் கடை கூட்டுவது, சாக்கு இழுப்பது, வெற்றிலைக்குத் தண்ணீர் தெளிப்பது. பிறகு பழைய பத்திரிகைத் தாளில் சுருள் சுற்றிச் சீனி கட்டப் பழகுவான். அடி பிரியாமல் மடிக்க விரல் படியவே கொஞ்சக் காலம் எடுக்கும். அடுத்தது தராசு. அதற்கடுத்தது சிங்களம்: விலை சொல்லும் சிங்களம், பேரம் பேசும் சிங்களம், கடன் கேட்டு வருபவரை மனம் நோகாமல் திருப்பியனுப்பும் சிங்களம். கடைசியாகத்தான் கல்லாவும் கணக்குக் கொப்பியும். சம்பளம் பையன் கைக்கு வராது. முதலாளியிடமே சேரும், அதில் ஒரு பங்கு மாதாமாதம் ஊருக்குப் போகும். தங்கச்சியின் கலியாணத்துக்கு மொத்தமாகக் கேட்டு வாங்கலாம். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நம்பிக்கை வந்துவிட்டால் பங்காளி ஆகலாம். இல்லாவிட்டால் முதலாளி சொல்லில் கடனுக்குச் சரக்கெடுத்துத் தனிக்கடை போடலாம்.

ஆளையும் வேலையையும் இணைக்கும் ஏற்பாடு என்ற அளவில் இதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. விளம்பரச் செலவு கிடையாது. சான்றிதழ் தேவையில்லை. பையன் களவெடுக்கமாட்டான் என்பதற்கு ஊரில் இருக்கும் தகப்பனே பிணை. முதலாளி ஏமாற்றமாட்டார் என்பதற்கு அடுத்த கோயில் திருவிழாவில் அந்தத் தகப்பன் முகத்தில் அவர் விழிக்கவேண்டும் என்பதே பிணை. பயிற்சியும் வங்கியும் காப்புறுதியும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. இன்றைக்கு எந்த ஆட்சேர்ப்பு நிறுவனமும் இவ்வளவு மலிவாக இவ்வளவு நம்பகமாக ஆள் பிடித்துத் தர முடியாது.

ஆனால் அந்த ஏற்பாடு கேட்டது ஒரே கேள்வி: ஆருடைய மகன்? கணக்கில் புலியான பையனும் கடைக்குத்தான் போனான். மரத்தில் கைவைத்தால் கதவும் நிலையும் தானாக அமைந்துவிடும் பையனும் கடைக்குத்தான் போனான். பேசவே கூச்சப்படும் பையனையும் கல்லாவுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். நன்றாகச் செய்தவர்கள் பலர். வேறொன்றில் அதைவிட நன்றாகச் செய்திருக்கக் கூடியவர்கள் எத்தனை பேர் என்பது கணக்கில் வராமலே போயிற்று.

ஒரே வாசலை நம்பியிருப்பதன் மற்ற ஆபத்து 1958 இல் தெரிந்தது, 1977 இல் தெரிந்தது, 1983 யூலையில் முழுதாகத் தெரிந்தது. கடைகள் எரிந்தபோது தனித்தனி ஆட்களின் தொழில் மட்டும் போகவில்லை. ஊர் முழுதுக்குமான வேலைவாய்ப்பு அலுவலகம் ஒரே கிழமையில் எரிந்துபோனது.

ரோயின் கிராமம், நம் கிராமம்

ஏ. டி. ரோய் என்ற பிரித்தானியப் பொருளியலாளர் 1951 இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு கற்பனைக் கிராமம் வருகிறது. அங்கே தொழில் இரண்டுதான்: முயல் பிடிப்பது, ட்ரவுட் மீன் பிடிப்பது. முயல் ஏராளம், மந்தமும் கூட. கெட்டிக்காரனும் சாதாரணனும் அந்தி சாயும்போது ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையோடுதான் திரும்புவார்கள். மீனுக்கோ தந்திரம் வேண்டும். அங்கே கைதேர்ந்தவனுக்கும் கைதேராதவனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். விருப்பப்படி தொழில் தேர விட்டால் ஒவ்வொருவரும் தமக்கு எதில் கூட வருமோ அந்தப் பக்கம் போவார்கள். கிராமத்தின் மொத்த வருமானமும், யார் பணக்காரர் யார் ஏழை என்பதும் அந்தத் தேர்வில்தான் தீர்மானமாகும். உழைப்பு வருமானத்தைப் பற்றிய பிற்கால ஆய்வுகளில் பெரும்பகுதி இந்தச் சின்னக் கிராமத்திலிருந்து கிளைத்ததுதான்.

வேலணைத் தீவுக்கு ரோயின் கிராமம் அந்நியமில்லை. சரவணையில் தோட்டம், தம்பாட்டியில் கடல். புகையிலைச் செடியில் எத்தனை இலை விட்டுக் குருத்தை முறிப்பது என்பதைச் செடியைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர்கள் ஒரு பக்கம். சோழகம் எப்போது பெயரும், வாடை எழுந்தால் எந்தப் பக்கம் நீரோட்டம் இழுக்கும் என்று கரையில் நின்றே சொல்லக்கூடியவர்கள் மறுபக்கம். இரண்டும் பெருந்திறன்கள். இரண்டிலும் கெட்டிக்காரனின் பிடிக்கும் மற்றவனின் பிடிக்கும் வித்தியாசம் பெரிது.

ரோயின் கிராமத்தில் முயல்காரனின் மகன் மீன்காரனாகலாம். நம் ஊர்களில் ஆக முடியவில்லை. எந்தக் குடும்பம் மரம் ஏறும், எது முடி வெட்டும், எது பொன் உருக்கும், எது வலை வீசும், எது நிலத்தை வைத்திருந்து மற்றவர்களை வேலை ஏவும் என்பதைச் சாதி பிறப்பிலேயே எழுதி வைத்தது. ஆளையும் வேலையையும் இணைப்பதற்கு மனிதர் கண்டுபிடித்த முறைகளில் இதைவிடக் கெட்ட முறை இல்லை என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லலாம். பனை ஏறுபவர் வீட்டில் பிறந்த பெரிய கணித மூளை பனையிலேயே ஏறி இறங்கியது. நிலத்துச் சொந்தக்காரர் வீட்டில் பிறந்த நல்ல தச்சுக்கை உளியைத் தொடாமலே முதுமையடைந்தது. 1945 இல் வந்த இலவசக் கல்வியும் 1957 இல் வந்த சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும் கதவைக் கொஞ்சம் நகர்த்தின. ஆனால் தேநீர்க்கடையிலும் கோயில் வாசலிலும் 60களின் கடைசி வரைக்கும் போராடவேண்டியிருந்தது. சாதியின் எச்சம் இன்றைய வேலைத் தெரிவிலும் இருக்கிறது. பட்டினத்தில் நல்ல வரும்படி தரும் கைத்தொழிலைப் பிள்ளை பழகப்போகிறேன் என்றால், வருமானத்தைப் பார்க்காமல் தொழிலின் பேரைப் பார்க்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த இழப்பு எவ்வளவு பெரிது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கணக்கு உண்டு. 1960 இல் அங்கே மருத்துவர்களிலும் சட்டத்தரணிகளிலும் 94 வீதத்தினர் வெள்ளை ஆண்கள். 2010 இல் அது 62 வீதமாகக் குறைந்தது. சாங்-டாய் ஷே, எரிக் ஹர்ஸ்ட், சார்ள்ஸ் ஜோன்ஸ், பீட்டர் கிளெனோ நால்வரும் 2019 இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த அரை நூற்றாண்டில் ஆளுக்கான உற்பத்தி வளர்ந்ததில் 20 முதல் 40 வீதம் வரை கறுப்பினத்தவரும் பெண்களும் தங்கள் திறனுக்கேற்ற தொழிலுக்குள் வர முடிந்ததால் வந்தது. சுவர்கள் கொஞ்சம் தணிந்ததற்கே இவ்வளவு பலன்.

பெண்கள் என்றதும் தீவகத்துக்குத் திரும்பவேண்டும். மலாயா வாசல் ஆண்களுக்கு, கடை வாசலும் ஆண்களுக்கே. இலங்கை முழுவதிலும் இன்றும் வேலைப்படையில் இருக்கும் பெண்கள் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான். ஆண்களில் பத்துக்கு ஏழு அளவில். பல்கலைக்கழகங்களில் பெண்களே அதிகம் என்பதையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சரவணையில் இருக்கும் பட்டதாரிப் பெண்ணுக்கு யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு கணக்கியல் நிறுவனத்தில் வேலை இருக்கிறது என்று வையுங்கள். காலை பஸ் கிடைக்கும். வேலை ஆறு மணிக்கு முடிந்தால் திரும்பும் பஸ் கிடைக்குமா, இறங்கிய பிறகு ஒழுங்கையில் வெளிச்சம் இருக்குமா, வீட்டிலுள்ள கைக்குழந்தையை அதுவரை ஆர் பார்ப்பது? வேலை இருக்கிறது, ஆளும் இருக்கிறார், தகைமையும் பொருந்துகிறது. நடுவில் ஒரு கடைசி பஸ்சின் நேரம் நிற்கிறது. இதற்குத் திறன்விருத்திப் பயிற்சி வகுப்பு மருந்தாகாது.

கோறணமேந்துக் கோழி

கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில, அதாவது அரசாங்கத்தில, மேய்க்கவேணும் என்பது யாழ்ப்பாணத்தில் எல்லோர் வாயிலும் வரும் பழமொழி. இதைச் சோம்பலின் அடையாளமாகச் சொல்லி நம்மை நாமே ஏசிக்கொள்வது வழக்கம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அந்தப் பழமொழிக்குள் இருப்பது கறாரான கணக்கு.

1971 இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு டட்லி சீயர்ஸ் தலைமையில் ஒரு குழுவை இலங்கைக்கு அனுப்பியது. வேலைவாய்ப்பையும் எதிர்பார்ப்பையும் எப்படிப் பொருத்துவது என்பதே அவர்களின் அறிக்கையின் தலைப்பும் பொருளும். அதே ஆண்டு ஏப்ரலில்தான் தெற்கில் படித்த, வேலையற்ற இளைஞர்கள் ஆயுதம் ஏந்தினார்கள். பள்ளிக்கூடம் ஊட்டும் எதிர்பார்ப்பு ஒன்று, நாட்டில் இருக்கும் வேலை வேறொன்று என்பது அறிக்கையின் சாரம். அதன்பிறகு வந்த அரசாங்கங்கள் எல்லாம் பாடத்திட்டத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்றே பேசின. உலக வங்கியின் மார்ட்டின் ராமா 2003 இல் வெளியிட்ட கட்டுரையில் வேறொரு விளக்கத்துக்கு அழுத்தம் கொடுத்தார். படித்த இளைஞர் வேலையில்லாமல் இருப்பது படிப்புப் பொருந்தாததால் மட்டுமில்லை. நல்ல வேலைக்கும் மற்ற வேலைக்கும் இடைவெளி பெரிதென்பதால் நல்ல வேலைக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

தீவகத்தைப் பார்க்கும்போது எனக்கு இரண்டாவது விளக்கமே கூடப் பொருந்துகிறது. 2025 வரவுசெலவுத் திட்டம் அரச ஊழியரின் ஆகக்குறைந்த மாதச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவுக்குப் படிப்படியாக உயர்த்த முடிவெடுத்தது. தனியார் துறையில் சட்டம் சொல்லும் ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபா, 2026 ஜனவரியில் 30,000 ரூபா. அரச வேலையில் ஓய்வூதியம் உண்டு, இடையில் நிறுத்தமாட்டார்கள், கலியாணச் சந்தையில் மதிப்பும் வேறு. வெளிநாட்டிலிருக்கும் தமையனோ மாமனோ மாதம் கொஞ்சம் அனுப்பினால் நாலைந்து வருடம் காத்திருக்கலாம். காத்திருந்தால் கிடைக்கக்கூடியது முப்பது வருட நிம்மதி. இந்தக் கணக்கைப் போட்ட பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2017 இல் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தின் முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் குந்தியிருந்தார்கள். 2020 இல் அரசாங்கம் நாடு முழுவதும் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் பயிலுநர்களாக எடுத்தது. காத்திருந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இணைப்பு என்ற பேரில் நடந்தது என்ன? புவியியல் படித்தவர், சங்கீதம் படித்தவர், இந்து நாகரிகம் படித்தவர், முகாமைத்துவம் படித்தவர் எல்லோரும் ஒரே பட்டியலில் போய்ப் பலரும் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற ஒரே பதவியில் முடிந்தார்கள். ஒரே கந்தோரில் மேசைக்கு மேசை ஆள் கூடியது. பக்கத்துத் தீவில் ஆங்கிலம் படிப்பிக்க ஆளில்லை. அதைவிட முக்கியமானது, உயர்தரம் படித்துக்கொண்டிருந்த அடுத்த தலைமுறை அதிலிருந்து ஒரு பாடம் படித்துக்கொண்டது. காத்திருந்தால் ஒருநாள் மொத்தமாக எடுப்பார்கள். இப்படி ஒவ்வொரு மொத்த நியமனமும் அடுத்த வரிசையை நீளமாக்கிவிட்டுப் போகிறது.

கோப்பை கழுவிய கைகள்

1990 ஓகஸ்டிலிருந்து 1991 வரை நடந்த படை நடவடிக்கைகளில் தீவகம் இராணுவத்தின் கைக்குப் போனது. சனம் குடாநாட்டுக்குப் போனது, வன்னிக்குப் போனது, முடிந்தவர்கள் கடல் கடந்தார்கள். 80களிலேயே திறக்கத் தொடங்கிய அடுத்த வாசல், காணியை ஈடுவைத்து ஏஜென்சிக்குக் காசு கட்டியபோது அகலத் திறந்தது. ஒருவர் சுவிசுக்குப் போனால் அவர் பின்னால் ஊரே சுவிசுக்குப் போனது. 80களிலும் 90களிலும் சுவிஸ் உணவகங்களின் சமையலறைகள் தமிழரின் கையை நம்பி இயங்கின. ஆசிரியராக இருந்தவரும் கோப்பை கழுவினார், கணக்கப்பிள்ளையும் கழுவினார், பள்ளிக்கூடம் போகாதவரும் கழுவினார். கழுவிய காசில்தான் இங்கே தங்கைமார் கரையேறினார்கள். அந்த உழைப்பின் முன்னால் தலை வணங்கவேண்டும். வணங்கிவிட்டு, இழந்ததையும் எண்ணவேண்டும்.

ஏன் எல்லோரும் ஒரே சமையலறைக்குள் போனார்கள்? மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973 இல் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல விளக்கம். நெருங்கிய உறவைவிட, அவ்வளவாக நெருக்கமில்லாத அறிமுகங்கள் வழியாகவே ஆட்களுக்குப் புது வேலை கிடைக்கிறது என்று அவர் காட்டினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது ஏற்கெனவே நமக்கும் தெரிந்ததுதான். தூரத்து அறிமுகம்தான் நமக்குத் தெரியாத உலகத்திலிருந்து செய்தி கொண்டுவருகிறது. தீவகத்தாரிடம் நெருங்கிய உறவு நிறைய இருந்தது. அது உயிரைக் காப்பாற்றியது, படுக்க இடம் கொடுத்தது, மறுநாளே வேலைக்குக் கூட்டிப்போனது. அந்த வேலை கூட்டிப்போனவர் செய்த அதே வேலை.

அந்நிய நாடும் தன் பங்குக்குக் கதவை இறுக்கியது. படித்த படிப்பை ஏற்கவில்லை. கனடாவில் வேலை தருபவர்கள் கனடிய அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். வேலை தந்தால்தானே அனுபவம் வரும்? ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 2013 இல்தான் அப்படிக் கேட்பது பாகுபாடு என்று கொள்கை வெளியிட்டது. அதற்குள் ஒரு தலைமுறைப் பொறியியலாளர்களும் ஆசிரியர்களும் தொழிற்சாலை இரவு முறைகளில் தலை நரைத்துவிட்டார்கள்.

அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி பாரிசில் கோப்பை கழுவியிருக்கிறார், சமைத்திருக்கிறார், கடைத்தட்டுகளில் சாமான் அடுக்கியிருக்கிறார். நாவலாசிரியர் என்று தமிழ் உலகம் அவரை அறிந்தது. 2015 இல் அவர் நடித்த தீபன் திரைப்படம் கான் விழாவின் தங்கப்பனை விருதை வென்றது. எந்த வேலைவாய்ப்பு அலுவலகமும் அவரிடம் இருந்ததைக் கண்டுபிடித்திருக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சமையலறைகளில் அவரோடு நின்ற மற்றவர்களிடமும் ஏதோ ஒன்று இருந்திருக்கும். அதை ஆரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

வராத வாத்தியார்

இதுவரை ஆள் வெளியே போகும் கதை. ஆள் உள்ளே வரவேண்டிய வேலைகளும் தீவகத்தில் இருக்கின்றன: மருத்துவர், தாதி, கணித ஆசிரியர், விஞ்ஞான ஆசிரியர், ஆங்கில ஆசிரியர். தீவகக் கல்வி வலயத்துக்கு நியமனம் கிடைத்தவர்கள் காலையில் பட்டினத்திலிருந்து பஸ் ஏறி, பள்ளிக்கூடம் விட்டதும் திரும்ப ஓடுகிறார்கள். நெடுந்தீவு என்றால் குறிகட்டுவானில் இறங்கி ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். கடல் கொந்தளிக்கும் காலத்தில் படகும் இல்லை. நியமனம் முடிந்த அன்றே இடமாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது.

மருத்துவர்கள் பரீட்சைத் தரவரிசைப்படி இடம் தெரிவு செய்வது இலங்கை வழக்கம். தீவுகள் பட்டியலின் அடியில் கிடக்கும். பட்டியல் முறையை மாற்றினால் சரியாகுமா? 2012 இல் லொயிட் ஷாப்லியோடு நோபல் பரிசு பகிர்ந்த அல்வின் ரொத், 1986 இல் இதே கேள்வியை அமெரிக்க மருத்துவமனைகளை வைத்து ஆராய்ந்தார். அவர் நிறுவிய முடிவுக்கு நாட்டுப்புற மருத்துவமனைத் தேற்றம் என்றே பெயர். இரு தரப்பு விருப்பத்தையும் மதித்து, யாரும் பிய்த்துக்கொண்டு போக முடியாதபடி இணைக்கும் எந்த முறையை எடுத்தாலும், ஆள் கிடைக்காமல் போகும் மருத்துவமனைகள் அதே மருத்துவமனைகள்தான். கொழும்பில் எத்தனை சுற்றறிக்கை மாற்றி எழுதினாலும் நெடுந்தீவுக்கு ஆள் வரமாட்டார் என்பதற்கு இது கணித ஆதாரம். மாறவேண்டியது விருப்பம். தங்க நல்ல வீடு, நேரத்துக்குப் படகு, அந்தப் படகில் இருக்கை, தன் பிள்ளையைச் சேர்க்கத் தகுந்த பள்ளிக்கூடம், கஷ்டப் பிரதேசத்துக்கு உண்மையிலேயே ஈடான கொடுப்பனவு. இவற்றைக் கொடுக்காமல் கட்டாயச் சேவை என்று அனுப்பினால் மனம் வேறிடத்தில் இருக்கும் ஆசிரியர்தான் வருவார்.

இன்னொரு வழி, ஏற்கெனவே இங்கே இருக்க விரும்பும் ஆட்களை ஆசிரியராக்குவது. வீட்டில் காத்திருக்கிறார் என்று சொன்னேனே, அந்தப் பட்டதாரிப் பெண்ணுக்குச் சரவணையைவிட்டுப் போக விருப்பமில்லை. அவரை ஆங்கிலத்திலோ கணிதத்திலோ இரண்டு வருடம் முறையாகப் பழக்கித் தீவகப் பாடசாலைக்கென்றே நியமிக்கலாம். அவர் இடமாற்றம் கேட்கமாட்டார், கடைசி பஸ்சும் பிடிக்கத் தேவையில்லை.

மேசனின் கடதாசி

தொடக்கத்தில் சொன்ன மேசனுக்கு வருவோம். தீவகத்தில் மேசன்மார் அறவே இல்லை என்பதில்லை. தகப்பனோடு பதினைந்து வயதில் போய் மணல் அரித்து, சாந்து குழைத்து, பிறகு கல் வைத்து, இன்று தூக்குக்குண்டை இறக்கினால் நூல் சுவரில் பட்டும் படாமலும் நிற்கும்படி கட்டக்கூடியவர்கள் இருக்கிறார்கள். முருகைக்கல்லால் கட்டிய பழைய வீட்டில் எந்தச் சுவரைத் தட்டலாம், எதைத் தொட்டால் கூரை இறங்கும் என்று சொல்ல அவர்களால்தான் முடியும். பட்டினத்து ஒப்பந்தகாரருக்கு அவர்களைத் தெரியாது. ரொறன்ரோவிலிருந்து காசு அனுப்புபவருக்கும் தெரியாது. அவர் தன் ஒன்றுவிட்ட தம்பியைக் கேட்கிறார், தம்பி தனக்குத் தெரிந்த ஒரேயொருவரைச் சொல்கிறார்.

இலங்கையில் தேசிய தொழிற் தகைமை என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒன்று முதல் ஏழு வரை தரம். வகுப்புக்குப் போகாமல் வேலை செய்தே பழகியவருக்கும் முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கச் சட்டத்தில் வழி உண்டு. மதிப்பீட்டாளர் முன்னால் சுவரைக் கட்டிக் காட்டினால் போதும். கையில் இருக்கும் திறன் முன்பின் தெரியாதவருக்கும் தெரியும்படி ஆகிறது. கொழும்பு ஒப்பந்தகாரருக்கும் தெரியும், கட்டார் நிறுவனத்துக்கும் தெரியும். ஆருடைய மகன் என்ற கேள்வி அங்கே எழாது. நூற்றைம்பது ஆண்டில் தீவகத்துக்கு வாய்த்த ஏற்பாடுகளில் திறனை மட்டும் கேட்பது எனக்குத் தெரிய இது ஒன்றுதான்.

குறை என்னவென்றால் அது மேசனைத் தேடி வருவதில்லை. விண்ணப்பம் நிரப்பவேண்டும், பட்டினத்துக்குப் போகவேண்டும், நாட்கூலியை இழக்கவேண்டும், ஐம்பது வயதில் ஒரு இளம் உத்தியோகத்தர் முன்னால் பரீட்சை எழுதுவதுபோல் நிற்கும் கூச்சத்தையும் தாங்கவேண்டும். இதெல்லாம் சேர்ந்து, தேடும் செலவு என்று அந்த மூன்று நோபல்காரர்கள் சொன்னதாகிறது. வேலணைப் பிரதேச செயலகத்தில் ஒரு சனிக்கிழமை மதிப்பீட்டாளரை வரவழைத்து, ஊரில் திருத்திக்கொண்டிருக்கும் ஒரு வீட்டிலேயே மேசன், தச்சர், வயரிங்காரர், பம்புத் திருத்துநர் எல்லோரையும் மதிப்பிடச் செய்தால் இந்தச் செலவில் பெரும்பகுதி ஒரே நாளில் போய்விடும். அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் அதே செயலகத்தில்தான் இருக்கிறார்கள். கிராமம் கிராமமாகப் போய் யாரிடம் என்ன கைத்தொழில் இருக்கிறது என்று பட்டியல் எடுப்பது அவர்களின் பட்டத்துக்கும் பொருந்தும், பதவியின் பேருக்கும் பொருந்தும். எடுத்த பட்டியலைச் சுவிசிலும் கனடாவிலும் இருக்கும் ஊர்ச் சங்கங்களுக்கு அனுப்பினால், கோயில் கட்டவும் வீடு திருத்தவும் வரும் காசில் ஒரு பகுதி தீவுக்குள்ளேயே கூலியாக நிற்கும்.

சரவணையில் அடுத்த வீடு திருத்தத் தொடங்கும் முன்னரே இதைச் செய்துவிடலாம். புதுச் சட்டம் வேண்டாம், கட்டடம் வேண்டாம். ஒரு சனிக்கிழமையும், அந்தச் சனிக்கிழமைக்கு வர ஒப்புக்கொள்ளும் ஒரு மதிப்பீட்டாளரும் வேண்டும். அதைக் கேட்டுக் கடிதம் எழுதும் பொறுப்பு பிரதேச செயலகத்துக்கு இருக்கிறது. எழுதச் சொல்லிக் கேட்கும் பொறுப்பு ஊர்ச் சங்கங்களுக்கு இருக்கிறது.